எண்களின் இயல்பறிந்த இராமானுஜன்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தவர் நம் முன்னோர். ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் அவர்கள் வகுத்தனர். பிரபவ முதல் அட்சய ஈறாக ஆண்டுகளையும் அறுபதென்றே எண்ணினர். நாம் கையிற் கட்டும் கடிகாரத்திலும் ஒரு மணிக்கு நிமிடங்கள் அறுபதே. இந்த அறுபதுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதனை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்னும் பன்னிரண்டு எண்களால் மீதியின்றி வகுக்கலாம். அறுபதிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை.

நாள்தோறும் அறுபதைக் கையாளும் நம்மிற் பலர் இதனைச் சிந்தித்ததில்லை. இத்தகைய எண்கள் யாவை, அவற்றின் இயல்பு என்ன, அவற்றை எவ்வாறு கண்டறிவது என்று முறையாக ஆராய்ந்து உலகுக்கு அளித்தவர், கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மைந்தர். சீனிவாச இராமானுஜன் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றை எமது சங்கத்து இளைஞரும் முதியோரும் ஒருங்கே அறிந்துகொள்ளல் நலம் எனக் கருதி இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆம் நாள், தாயாரின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டிற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பக்திப் பாடல்கள் பாடிவந்தவர். குடும்பம் கும்பகோணத்திற் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தது. நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார் அவர்களின் குலதெய்வம். அத்தாயாரிடத்தில் கொண்ட பக்தி, இராமானுஜனை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் மிகச் சிறந்த மாணவராய் விளங்கினார். 1903 ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிபுகளை அடுக்கித் தந்த நூல் அது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல் அதில் இல்லை. வேறொரு மாணவனாயின் அதனை மூடி வைத்திருப்பான். இவரோ ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவிப் பார்க்கத் தலைப்பட்டார். அந்த வழியிற் செல்லுங்கால், நூலில் இல்லாத புதிய முடிபுகளும் அவருக்குத் தோன்றலாயின.

1904 இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசைப் பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிப்பணமும் கிடைத்தது. அதன் பின்னரே துன்பம் தொடங்கிற்று. உள்ளம் முழுவதும் கணிதத்திற் படிந்தமையால் ஏனைய பாடங்களை அவர் கைவிட்டார். உதவிப்பணம் பறிபோயிற்று. 1905 இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிச் சென்றார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றார். அங்கும் கணிதம் நீங்கலான பாடங்கள் அவரை வீழ்த்தின. இரு கல்லூரிகளிற் பயின்றும் பட்டம் எதுவும் பெறாத ஓர் இளைஞராய் அவர் வெளியேறினார்.

அக்காலத்தில் அவரைக் கண்டோர் என்ன நினைத்திருப்பர் என்பதை நாம் ஊகித்தறியலாம். ஊதியம் இல்லை, பட்டம் இல்லை, திண்ணையில் அமர்ந்து சிலேட்டுப் பலகையில் எதையோ எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாய்ப் பொழுது கழிகின்றது. தாள் விலை கூடியதாகையால் சிலேட்டிற் கணக்கைச் செய்து, முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஒரு பிள்ளை வீணாய்ப் போயிற்று என்று அயலார் இரங்கியிருந்தால் அது வியப்பன்று. அந்தக் குறிப்பேடுகளையே இன்று உலகத்துக் கணித அறிஞர் போற்றிப் படிக்கின்றனர்.

எழுத்தர் வேலையும் ஒரு கடிதமும்

1909 இல் ஜானகி என்னும் சிறுமியை அக்கால வழக்கப்படி அவருக்கு மணம் செய்து வைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்தமையால் வேலை தேடி அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேடுகளைக் கண்டு மதித்தார். நெல்லூரில் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ், தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911 இல் அக்கழகத்தின் சஞ்சிகையில் இராமானுஜனின் முதற் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமே கணிதப் பயிற்சி உள்ளவராதலால், இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாய் அமர்ந்து கணக்கிடுவதுண்டு.

இங்கிலாந்திலுள்ள கணிதப் பேராசிரியர்களுக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அவர் மனந்தளராமல் 1913 சனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்சுத் திரினிற்றிக் கல்லூரியிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள் அக்கடிதத்தில் அடங்கியிருந்தன. ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர்த் தம் நண்பர் லிற்றில்வூட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் முதல் வரிசைக் கணித மேதை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவிப்பணம் வழங்கியது.

கடல் கடந்து செல்வது ஆசாரத்துக்கு மாறானது என்பது அவர் குலத்தாரின் கொள்கை. முதலில் அவர் மறுத்தார். நாமகிரித் தாயார் கனவில் அருளியதாகவும், அதன் பின்னரே தாயார் இசைந்ததாகவும் கூறுவர். 1914 மார்ச்சு 17 ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலிற் சென்னையை விட்டுப் புறப்பட்டு, ஏப்பிரல் மாதத்தில் இங்கிலாந்தை அடைந்தார்.

எண்களை வகைப்படுத்திய விதம்

கேம்பிரிட்சில் அவர் செய்த ஆராய்ச்சிகள் பல. இளைஞர் எளிதில் விளங்கக்கூடிய ஒன்றை மட்டும் இங்கே சற்று விரித்துரைப்போம்.

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத எண்களை முதன்மை எண்கள் அல்லது பகா எண்கள் என்கிறோம். 2, 3, 5, 7, 11 என்பன அவ்வகையின. 1 நீங்கலாக ஏனையவை பகு எண்கள். பகா எண்களைப் பற்றி அறிஞர் ஆதி காலந்தொட்டே ஆராய்ந்தனர். இராமானுஜன் எதிர்த் திசையில் நோக்கினார். வகுபடுவதில் எல்லை காணும் எண்கள் எவை என்று வினவினார். தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணை மிகுபகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்லும். 12 க்கு வகுத்திகள் 6. 24 க்கு 8. 36 க்கு 9. 48 க்கு 10. 60 க்கு 12. 120 க்கு 16.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஒவ்வொன்றாய் எண்ண வேண்டியதில்லை. அதனைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதி, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகின்றதோ அத்தொகையுடன் ஒன்றைக் கூட்டி, வருவனவற்றைப் பெருக்கினாற் போதும். 60 இல் 2 இரு முறையும், 3 ஒரு முறையும், 5 ஒரு முறையும் வருகின்றன. மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்கப் பன்னிரண்டு.

இனி, இராமானுஜன் 1915 இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அச்சிட்ட நீண்ட கட்டுரைக்குச் செல்வோம். அதில் அவர் 102 மிகுபகு எண்களை நிரல்படத் தந்தார். அவற்றுள் இறுதியானது 6,746,328,388,800. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இவ்வெண், ஏறத்தாழ ஆறேமுக்கால் இலட்சம் கோடி. இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 உம் 7 உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் வரும். முற்கூறிய விதிப்படி ஏழு, ஐந்து, மூன்று, மூன்று ஆகியவற்றைப் பெருக்க 315. அதனை ஐந்து முறை இரட்டிக்க 10,080. இத்துணைப் பெரிய எண்ணுக்கு வகுத்திகள் பத்தாயிரத்து எண்பது! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இன்னுமொரு வியப்பு: அந்தப் பத்தாயிரத்து எண்பதும் ஒரு மிகுபகு எண்ணே. ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களின் தொகையும் அதுவே என்பதை இளைஞர் பெருக்கிப் பார்த்து மகிழலாம்.

இவ்வெண்ணின் அமைப்பை உற்று நோக்குக. 2 முதல் 23 வரையுள்ள பகா எண்களில் ஒன்றேனும் விடுபடவில்லை. சிறிய பகா எண் கூடிய முறையும், பெரியது குறைந்த முறையும் வருகின்றது. ஓரிடத்திலும் இவ்வொழுங்கு தலைகீழாகவில்லை. கடைசிப் பகா எண் ஒரு முறை மட்டுமே வருகின்றது. மிகுபகு எண்கள் யாவும் இவ்வாறே அமையும் என்றும், கடைசிப் பகா எண் இரு முறை வருவன 4, 36 என்னும் இரண்டு மட்டுமே என்றும் இராமானுஜன் நிறுவினார். ஒழுங்கற்றுச் சிதறிக் கிடப்பனபோலத் தோன்றும் எண்களுக்குள்ளே இத்தகைய சீர் இருப்பதை அவர் வெளிப்படுத்தினார்.

அவர் அதனோடு நிற்கவில்லை. மிகுபகு எண்களுள்ளும் தலையாய ஒரு சிறு வகுப்பைத் தனியே பிரித்தெடுத்தார். 2, 6, 12, 60, 120, 360, 2,520, 5,040 என்று அது செல்லும். நாம் மேலே கண்ட பதின்மூன்று இலக்க எண் அவ்வுயர் வகுப்பிற் சேராது. ஆனால் அதனை மூன்றால் வகுக்க வரும் 2,248,776,129,600 அவ்வகுப்பைச் சேர்ந்தது. ஒரே எண்ணைப் பல கோணத்தில் நின்று நோக்கி, அது எவ்வெவ் வகையிற் சேரும், எதிற் சேராது என்று வரையறுப்பதே எண் கணிதத்தின் சுவை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுதல் தகாது. கணினி முதலிய கருவிகள் இல்லாத அக்காலத்தில் கையாற் கணித்த அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600. அதற்கு 5,040 வகுத்திகள் உண்டு. அதனை 23 ஆற் பெருக்கினால் வருவது, பட்டியலின் இறுதியில் அவரே எழுதிய அந்தப் பதின்மூன்று இலக்க எண்! மாமேதையின் கண்ணுக்கும் ஓர் எண் தப்பியது. இதனால் அவர் பெருமை குன்றவில்லை. பெரியோர் எழுதியதாயினும் மீண்டும் கணித்துப் பார்ப்பதே கல்வி என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கிற்று. தாய்நாட்டிற் பட்டம் பெறாது வெளியேறியவர் அங்கே பட்டதாரியானார். உலகப் போர்க் காலமாதலால் கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடி காரணமாக அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. அப்பகுதி 1997 இலேயே சஞ்சிகையில் வெளிவந்தது.

நோயும் புகழும்

ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதமாய் எழுதலாம் என்ற வினாவையும் அவர் ஹார்டியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 4 ஐ ஐந்து விதமாய் எழுதலாம். 100 ஐ 190,569,292 விதமாயும், 200 ஐ 3,972,999,029,388 விதமாயும் எழுதலாம். மக்மகோன் என்பார் நெடுங்கணக்கிட்டுக் கண்ட இத்தொகையை, 1918 இல் இருவரும் வெளியிட்ட சூத்திரம் சில உறுப்புக்களைக் கூட்டிய அளவில் ஏறக்குறையப் பிசகின்றித் தந்தது.

புகழ் வளர உடல் தேய்ந்தது. தாமே சமைத்துப் புலால் நீக்கி உண்டவர் அவர். போர்க்கால இங்கிலாந்தில் காய்கறி அரிதாயிற்று; குளிர் கொடியது; உறங்காது உழைத்தார். 1917 இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைகளிற் காலங் கழித்தார். அக்காலத்தார் காசநோய் என மருத்துவம் செய்தனர். ஈரலைப் பற்றிய நோயாய் இருக்கலாம் என்று 1994 இல் ஆராய்ந்த ஒருவர் கருதினார்.

பட்னி என்னுமிடத்து மருத்துவமனையில் அவரைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்றதாய்த் தோன்றுகிறதென்றும் கூறினார். படுக்கையிற் கிடந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வேறு விதத்தில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று விளக்கினார். 12 இன் கனமும் 1 இன் கனமும் சேர 1729. 10 இன் கனமும் 9 இன் கனமும் சேர்ந்தாலும் 1729. நோயிலும் எண்கள் அவருக்கு உற்ற தோழராயிருந்தன. ஆயினும் இதனை மந்திரம்போல் வந்ததென்று எண்ணிவிடலாகாது. முன்னரே பல காலம் கன எண்களோடு பழகிய உள்ளத்திலிருந்து அவ்விடை பிறந்தது.

1918 மே மாதத்தில் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், அக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டார். அக்கல்லூரியில் அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919 மார்ச்சு மாதத்திற் பம்பாயில் வந்திறங்கினார். நோய் தீரவில்லை. படுக்கையிற் கிடந்தவாறே புதியதொரு துறையைக் கண்டு, 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அதே ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அவருடைய இறுதிக் கிரியைக்குச் சுற்றத்தார் பலர் வரவில்லை. கடல் கடந்தவர், பிராயச்சித்தம் செய்யாதவர் என்பதே காரணம். உலகம் போற்றிய ஒருவரின் ஈமச் சடங்கிற்கு உறவினர் ஒதுங்கி நின்றனர். சமயத்தின் பெயரால் நிகழ்ந்த இதனை ஓர் இந்து இளைஞர் சங்கத்தினராகிய நாம் மறைக்காமற் சொல்லுதல் கடமை. ஆசாரத்தை அவர் அந்நிய நாட்டிலும் காத்தார். ஆசாரத்தைக் காத்ததாக எண்ணியோர் அவரைக் கைவிட்டனர். இளவயதிற் கைம்பெண்ணான ஜானகி அம்மையார் திருவல்லிக்கேணியில் தையற் தொழிலால் வாழ்ந்து, 1994 இல் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டியவை

இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் பல காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976 இல் அமெரிக்க அறிஞர் அன்ட்ரூஸ் அவற்றைத் திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்திற் கண்டெடுத்தார். கருந்துளைகளை ஆராயும் பௌதிக அறிஞரும் அவற்றிலுள்ள கருத்துக்களை எடுத்தாள்கின்றனர். இந்திய அரசு 1962 இல் அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. 2012 முதல் அவர் பிறந்த நாள் அங்கே தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

நாமகிரித் தாயாரே தமக்கு முடிபுகளை உணர்த்தியதாக அவர் நண்பரிடம் கூறியதுண்டு. இதனைக் கொண்டு, உழைப்பின்றி அருளால் மட்டும் அறிவு வந்தது என்று சிலர் பேசுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அருளை நம்பியவர் சிலேட்டைக் கீழே வைக்கவில்லை; எழுதியும் அழித்தும் முழங்கை தேயும்வரை உழைத்தார். பக்தி அவருக்கு உழைப்பைத் தாங்கும் வலிமையைத் தந்தது. உழைப்பிலிருந்து விலக்கு அளிக்கவில்லை.

இளைஞர்களே! ஏனைய பாடங்களைத் துறந்தார் என்பதனால் நீங்களும் துறக்கலாம் என்று எண்ணாதீர்கள். அதன் விலையாக அவர் கொடுத்தது வறுமையில் கழிந்த ஆண்டுகள். உடல் நலத்தைப் புறக்கணித்ததன் விலை அதனினும் பெரிது. பெரியோர்களே! ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையை உதவாதவன் என்று முடிவு கட்டாதீர்கள். அப்பிள்ளை சிலேட்டில் எழுதுவது என்னவென்று ஒரு முறை குனிந்து பாருங்கள். இராமசாமி ஐயரும் இராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் பார்த்திராவிடின், ஹார்டிக்கு அக்கடிதம் போயிருக்குமோ என்பது ஐயமே.

உலகில் வகுபடாத எண்களும் உண்டு. பலவாறு வகுபட்டுப் பலருக்கும் பங்காகும் எண்களும் உண்டு. இராமானுஜனின் குறுகிய வாழ்வு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அறிஞர் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுக் கொண்ட பின்னரும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. அப்பெருமகனாரின் நினைவைப் போற்றி, நமது சிலேட்டை நாமும் கையில் எடுப்போமாக.